ஏழு பேர் உட்கார்ந்திருந்த படம்

லட்சுமியம்மாள் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கப் பழகியது இருபத்திரண்டாம் வயதில். அன்னூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டூரில் பிறந்தவள். வீட்டில் பேச்சு தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் உட்கார்ந்து எழுந்தாள் என்றாலும், ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். பதினெட்டு வயதில் கலியாணம் செய்து கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். புருஷன் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டினான். நாலு வருஷம் கழித்து, பம்பாயில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுவதை ஊரார் ஏன் கேட்க வேண்டும்? தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருந்தது. அங்கே எடைக்கு விழுந்து கிடந்த சித்திரக்கதைப் புத்தகங்களில் நாலைந்தை வாங்கி வந்து, வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். மற்ற புத்தகங்களைத் திறந்தால் எழுத்து மொய்த்துக்கொண்டு கிடக்கும். இதில் ஒரு கட்டத்துக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. புரியாவிட்டால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். குதிரைமேல் வருகிறவன் கை துப்பாக்கியில் இருந்தால், அவன் வாயருகே இருக்கும் வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். ஊகித்ததும் எழுத்தும் ஒத்துப்போகும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆறே மாதத்தில் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சினிமா போஸ்டர் எல்லாவற்றையும் வாசித்தாள். கடிதம் மட்டும் வரவில்லை.

அம்மா வழியில் தூரத்து மாமா முறையாகும் சுந்தரராஜுலு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தலைமைக் குமாஸ்தா. அவர் முதலாளியிடம் சொல்லி, மில்லுக்குள் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவளை ஆயாவாகச் சேர்த்துவிட்டார். மில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளின் கோடியில் ஓர் ஒற்றை அறையும் கொடுத்தார்கள். வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால் காய்ச்சுவதும், துணி அலசுவதுமாகப் பத்து வருஷம் ஓடியது.

பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கைகளைக் கூட்டிப்போகக் காப்பகத்துக்கு வருவார்கள். ஷிப்ட் முடிந்து அம்மாக்கள் வெளியே வர அரைமணி, முக்கால் மணி ஆகும். அதுவரை சுவரைச் சுரண்டிக்கொண்டு, ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பார்கள். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் லட்சுமியம்மாள் தன்னுடைய பழைய சித்திரக்கதைகளை எடுத்துவந்து அவர்கள் முன்னால் பரப்பினாள். அன்றைக்கு மில் சங்கு ஊதியது ஒருவர் காதிலும் விழவில்லை. அம்மாக்கள் வந்து காதைத் திருகி இழுத்துப்போக வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அட்டை கிழிந்தது, நடுப்பக்கம் போனது, யார் யாரோ பேனாவில் மீசை வரைந்தது என்று பொறுக்கி வருவாள். பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு, மில் நூலால் முதுகைத் தைப்பாள். இரண்டே சட்டம். கையைக் கழுவிவிட்டுத் தொட வேண்டும். ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் கதையைச் சொன்னால்தான் அடுத்தது கிடைக்கும். படிப்பு கெட்டுவிடும் என்று சண்டைக்கு வந்த அப்பன்மார்களும் உண்டு. “பொம்மைப் பொஸ்தகம் படிச்சா பரீச்சைல மார்க்குப் போடுவாங்களாம்மா?” என்று ஒருவன் கேட்டான். “என்னைப் பாருங்க, நான் அதுலதானுங்க படிச்சேன்” என்றாள். ஆயா வேலைக்கு அது போதும் என்று அவன் நினைத்திருக்கலாம், சொல்லாமல் போய்விட்டான்.

எழுத வைப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. பாத்திரங்கள் பேசும் வட்டங்களின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, “இவங்க என்ன பேசறாங்கன்னு நீங்களே எழுதுங்க” என்று கொடுத்துவிடுவாள். முகமூடி வீரர்கள் சிங்காநல்லூர்த் தமிழ் பேச ஆரம்பித்தார்கள். “ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க, இல்லாட்டிச் சுட்டுப்போடுவேன்” என்றான் ஒருவன். “சுடறதுன்னாச் சுடுங்க, நான் காப்பி குடிச்சுட்டு வாரேன்” என்றான் எதிரி. லட்சுமியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளுக்கு அவளைச் சிரிக்க வைப்பதே வேலையாகப் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் மயில்சாமியின் மகள் துளசிமணி. மயில்சாமிக்கு ஸ்பின்னிங்கில் வேலை. வார்த்தை அளந்து பேசுகிற மனுஷன். மகளும் அப்படியே. பதினோரு வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியோரம் நிற்பாள். மற்றவர்கள் ‘ஆயாம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதன்முதலில் ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டவள் அவள்தான். ஒருநாள் அவள் நோட்டின் பின்பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்த லட்சுமியம்மாள் திகைத்துப்போனாள். அதில் தன்னையே கண்டாள். முன்பு தோடு தொங்கி இழுத்துவிட்ட காதுத்துளை, ஒரு பக்கம் சரிந்த கொண்டை, பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்க்கிற கழுத்து. நூல் கோன்களில் குறி போடும் மெழுகுப் பென்சிலால் நாலே கோடு.

“யாரு கண்ணு கத்துக்குடுத்தாங்க?”

“ஆரும் இல்லீங்க டீச்சரம்மா. பாத்தா வந்துருதுங்க.”

தொண்ணூற்று மூன்றில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுவது என்று முடிவாயிற்று. பெயர் ‘நூல்கண்டு’. பிள்ளைகள் ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். எல்லாம் குதிரை, குகை, புதையல். லட்சுமியம்மாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். “இதெல்லாம் நாம படிச்சதுதானே? உங்க ஊட்டுல நடக்கறத எழுதுங்க. உங்க கண்ணுல பட்டத, காதுல உழுந்தத. ஆரும் எழுதாதது அதுதான்.”

பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணீர்க்குழாயடிச் சண்டையை எழுதினாள். ஒருவன் ஆடு விற்கப்போய் அந்தியூரில் தொலைந்துபோன பெரியப்பாவை எழுதினான். துளசிமணி எட்டுக் கட்டங்களில் ஒரு சித்திரக்கதை கொண்டுவந்தாள். தலைப்பு, ‘எங்க ஊட்டு ஞாயித்துக்கெழமை’. மத்தியானம் அப்பாவைப் பார்க்க ஆறு பேர் வருகிறார்கள். பாய் விரிக்கிறார்கள். அம்மா டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வருகிறாள். கடைசிக் கட்டம் பாதிப் பக்கத்துக்குப் பெரிதாக இருந்தது: ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாயைத் திறந்திருக்கிறார்கள். கடுக்கன் போட்ட பாலுசாமி, சுட்டுவிரல் பாதியில் போன ராமுலு, தோளில் துண்டை நாலாக மடித்துப் போடுகிற இன்னொருவர். யாருக்கும் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் வாயருகே, ‘பழைய சங்கம் மொதலாளி சட்டைச் சோப்புல கெடக்குது’ என்று எழுதியிருந்தது. தேநீர்த் தட்டோடு நிற்கும் சின்னப்பெண்ணின் வாயருகே, ‘சக்கரை தீந்துபோச்சு’.

லட்சுமியம்மாள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேச்சு எத்தனை உயிரோடு இருக்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அதைத் தைத்தாள்.

*

ஆயுத பூஜையன்று மில்லுக்குள் குடும்பத்தோடு போகலாம். மிஷின்களுக்கெல்லாம் சந்தனப்பொட்டு, வாழைக்கன்று, வண்ணத்தாள். பொரியும் சுண்டலும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பார்கள். காப்பகத்தையும் துடைத்து, மாவிலை கட்டி, ஒரு மேசைமேல் புதுத்துண்டு விரித்து ‘நூல்கண்டு’ முதல் இதழை வைத்திருந்தாள் லட்சுமியம்மாள். இருந்தது ஒரே பிரதிதான்.

லேபர் ஆபீசர் கிருபாசங்கர் உள்ளே வந்தார். சமூகப்பணி படித்துவிட்டு ஒரு வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர், தொழிலாளிகளை ‘அண்ணா’ என்று கூப்பிடுவார், அதிர்ந்து பேசமாட்டார். பத்திரிகையைக் கையில் எடுத்து, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நடுப்பக்கம் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது யார் வரைஞ்சது?”

“துளசிமணிங்க சார். ஸ்பின்னிங் மயில்சாமி பொண்ணு” என்று லட்சுமியம்மாள் அவளை முன்னால் தள்ளினாள்.

“அப்படியே போட்டோ பிடிச்ச மாதிரி இருக்கே! இவரு பாலுசாமிதானே? கடுக்கனை வெச்சே கண்டுபிடிச்சுட்டேன். இவரு யாரு?”

பெண் டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்ன கேட்டது என்று பின்னாளில் லட்சுமியம்மாள் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். அப்போது ஒரே ஒரு கணம் மனசில் ஏதோ இடறியது உண்மை. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஆபீஸ் ஆள் ஒருவர் காப்பகத்து நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவள் செய்த ஒன்றை ஒருவர் இத்தனை ஆசையாகப் பார்த்ததும் அதுவே முதல் தடவை.

“சொல்லு கண்ணு, சார் கேக்கறாரல்லோ? கூச்சப்படாத” என்றாள்.

துளசிமணி சொன்னாள். விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொன்னாள். ஏழு பேரும் முடிந்தார்கள்.

“எல்லாரும் எதுக்கு இப்படிச் சத்தம் போட்டுக்கறாங்க?”

“சண்டை இல்லீங்க சார். புதுச் சங்கத்துக்கு என்ன பேரு வெக்கறதுன்னு.”

கிருபாசங்கர் வாய்விட்டுச் சிரித்தார். பெண்ணின் தலையைத் தடவினார். முதலாளியிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்து எல்லார் கையிலும் அள்ளி அள்ளிப் போட்டாள் லட்சுமியம்மாள்.

பத்து நாள் கழித்து, ஏழு பேரும் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் நிறுத்தினார்கள். மயில்சாமி வேலை நேரத்தில் தூங்கினாராம். ராமுலு மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் பேசினாராம். ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றப் பத்திரிகை தயாராக இருந்தது. நிரந்தரமாகாத மூன்று பேருக்கு அதுகூட இல்லை. வேலை இல்லை, போகலாம் என்று சொன்னதோடு சரி.

அன்று சாயங்காலம் மயில்சாமியின் மனைவி ராசாத்தாள் சின்னவனைக் கூட்டிப்போக நேரில் வந்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது.

“ஏனுங்க, பேரெல்லாம் நீங்கதான் சொல்லச் சொன்னீங்களாமே? என்ர புள்ள சொல்லுது.”

“நான்... எனக்குத் தெரியாதுங்க ராசாத்தா. சத்தியமாத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாதுதான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவிய.” குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். “பூசையன்னிக்கு அவ வந்ததும் வராததுமா, ‘அம்மா, சாரு என்னைத் தட்டிக்குடுத்தாரு’ன்னு சொன்னா. நானும் சந்தோசப்பட்டுக்கிட்டு உட்டுட்டேன். இப்பப் படம் போட்ட அவ கையை நானே ஒடிக்கோணுமுங்களா? நீங்களே சொல்லுங்க.”

மறுவாரம் பத்திரிகை திரும்பி வந்தது. கிருபாசங்கர் ஒரு பியூன் மூலமாகக் காக்கி உறையில் போட்டு அனுப்பியிருந்தார். நடுப்பக்கத்தை பிளேடால் நறுக்கி எடுத்திருந்தார்கள். தையல்நூல்கூடப் பிரியவில்லை, அத்தனை சுத்தமான வேலை. உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது: காப்பகத்தின் நற்பணியைப் பாராட்டி, குழந்தைகள் நூலகத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த பீரோவும் இருநூறு புத்தகங்களும் வழங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அவள் வாழ்நாளில் அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

*

வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. சங்கம் ஆரம்பித்ததற்காகத்தான் பழிவாங்கினார்கள் என்பதற்கு அந்தப் படம்தான் ஆதாரம் என்று வக்கீல் சொன்னாராம். அதைச் சொல்ல மயில்சாமியே ஒருநாள் அவள் அறைக்கு வந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

“உள்ள வாங்க, உக்காருங்க.”

“இருக்கட்டுமுங்க. உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்க. நடந்தத நடந்தபடி கோர்ட்டுல சொன்னீங்கன்னாப் போதும். புள்ள படம் வரைஞ்சுது, ஆபீசரு பேரு கேட்டாரு, பக்கத்தை வெட்டிட்டாரு. இவ்வளவுதான்.”

“சொல்றனுங்க. கண்டிப்பா வந்து சொல்றேன்” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். நடுப்பக்கம் இல்லாத பத்திரிகையை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து சுந்தரராஜுலு கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடவில்லை. தெலுங்கில், சொந்தப் பெண்ணிடம் பேசுகிற மாதிரியே பேசினார். புருஷன் விட்டுப்போன பெண்ணை இந்த மில் பதினாலு வருஷம் சோறு போட்டு வைத்திருக்கிறது. இந்த வேலை போனால் அந்த அறையும் போகும். அன்னூரில் அண்ணன் பெண்டாட்டி வாசற்படி ஏற விடுவாளா என்று யோசித்துக்கொள். ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், ஞாபகமில்லை என்று சொன்னால் போதும், ஞாபக மறதி எல்லாருக்கும் உள்ளதுதானே. எழுந்திருக்கும்போது, அந்த நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடு என்றார்.

அவள் அறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து பத்திரிகையை எடுத்தாள். குழாயடிச் சண்டை, தொலைந்துபோன பெரியப்பா, பதின்மூன்று பிள்ளைகளின் கோணல் எழுத்து. ஒரு முறை முழுக்கப் படித்தாள். பிறகு முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றாள்.

கோர்ட்டில் முதலில் துளசிமணியைத்தான் கூப்பிட்டார்கள். பதிமூன்று வயது, பாவாடை தாவணியில் புதிதாகத் தெரிந்தாள். “வரைஞ்சேனுங்க. ஏழு பேரையும் வரைஞ்சேன். டீச்சரம்மாவுக்குத் தெரியுமுங்க” என்றாள். சொல்லிவிட்டு, அடுத்ததாக நின்றுகொண்டிருந்த லட்சுமியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற சிரிப்பு.

மயில்சாமி தரப்பு வக்கீல் படத்தைப் பற்றிக் கேட்டார். லட்சுமியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பிள்ளைங்க என்னென்னவோ வரைவாங்க. அப்படி ஒரு படம் இருந்ததா எனக்கு ஞாபகமில்லைங்க.”

“பத்திரிகை எங்கேம்மா?”

“தொலைஞ்சு போச்சுங்க.”

“ஆயுத பூஜையன்று லேபர் ஆபீசர் காப்பகத்துக்கு வந்தாரா?”

“அன்னிக்கு நிறையப் பேரு வந்தாங்க.”

வக்கீல் வேறு எதையும் கேட்கவில்லை. வெளியே வராந்தாவில் மயில்சாமியும் ராசாத்தாளும் நின்றிருந்தார்கள். அவர்களைக் கடந்துதான் படியிறங்க வேண்டும். ராசாத்தாள் எதையாவது சொல்லுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள். மயில்சாமி சற்று ஒதுங்கி வழிவிட்டார்.

தீர்ப்பு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பே மயில்சாமி குடும்பத்தை லைன் வீட்டிலிருந்து காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

பீரோ வந்தது. இருநூறு புத்தகங்களும் வந்தன. வழவழப்பான தாள், வண்ணப்படங்கள், நீதிக்கதைகள். படிக்கத்தான் ஆளில்லை. பெரிய பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்று தம்பி தங்கைகளை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். “அந்தம்மாகிட்ட ஒண்ணும் பேசிப்போடாத” என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் என்று அவளுக்கே காதில் விழுந்தது. ஒரு தடவை சின்னப்பெண் ஒருத்தி கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். லட்சுமியம்மாள் சாவியை எடுப்பதற்குள் அவள் அக்கா வந்து இழுத்துப்போய்விட்டாள்.

நிர்வாகம் வருஷக் காலண்டரில் போட நூலகத்தைப் படம் எடுத்தது. அதற்கு ஆபீசர் குவார்ட்டர்ஸ் குழந்தைகளைக் கூட்டிவந்து, கையில் புத்தகம் கொடுத்து உட்கார வைத்தார்கள். கிருபாசங்கர் வற்புறுத்தி லட்சுமியம்மாளையும் நடுவில் நிறுத்தினார். “சிரிங்கம்மா” என்றார். சிரித்தாள். அந்தக் காலண்டர் லைன் வீடுகளில் வீடு தவறாமல் பன்னிரண்டு மாதம் தொங்கியது.

தொண்ணூற்றேழில் மில்லை மூடிவிட்டார்கள். புதுச் சங்கமும் பழைய சங்கமும் ஒன்றாகவே தெருவுக்கு வந்தன. லட்சுமியம்மாளின் அறையும் போயிற்று. கோயமுத்தூரிலேயே ராமநாதபுரத்தில் ஒரு இங்கிலீஷ் நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பாள், ஷூ மாட்டிவிடுவாள். கதை சொல்லச் சொன்னால், தமிழ் எனக்குச் சரியாக வராது, தெலுங்குக்காரி என்று சொல்லிவிடுவாள்.

*

தொண்ணூற்றொன்பது தைமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திருப்பூருக்குப் போனாள். ராசாத்தாளுக்குச் சொந்தமான ஒறம்பரைக்காரி ஒருத்தியிடம் விலாசம் வாங்க மூன்று மாதம் ஆகியிருந்தது. பையில் ஒரு பெரிய படநோட்டும் இருபத்துநாலு வண்ணப் பென்சில் பெட்டியும் இருந்தன. என்ன பேசுவது என்று பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பல்லடம் ரோட்டில் வீரபாண்டிப் பிரிவுக்கு உள்ளே தள்ளி, ஓட்டு வீடுகளின் வரிசை. துளசிமணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வாங்க டீச்சரம்மா. உள்ள வாங்க, உக்காருங்க. அம்மா கடைவீதிக்குப் போயிருக்காங்க.”

பாய் விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி வைத்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றாள். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையும் தையல் பிசகும் இருந்தால் ஒதுக்க வேண்டும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியாயிற்று. தம்பி இப்போது இரண்டாவது படிக்கிறான்.

“அப்பா எப்படியிருக்காரு?”

“ஆனைமலைல ஒரு தென்னந்தோப்புல காவலுக்கு இருக்காருங்க. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு.”

“என்மேல கோவமா இருப்பாரு.”

“உங்களப் பத்திப் பேசறதே இல்லீங்க.” காப்பியை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினாள். “என்கூடவும் அவ்வளவாப் பேசறதில்லீங்க.”

லட்சுமியம்மாள் படநோட்டை எடுத்துப் பாயில் வைத்தாள். பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. “இப்ப வரையறயா கண்ணு?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லீங்க.”

“என்னாலதான்...”

“அன்னிக்குக் கோர்ட்டுல நீங்க சொன்னீங்கல்லோ,” என்றாள் துளசிமணி. குரலில் சூடு எதுவும் இல்லை. நடந்ததை விசாரித்துச் சொல்கிற மாதிரி இருந்தது. “அதுக்கப்பறம் ரொம்ப நாளைக்கு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க. டீச்சரம்மா பொய் சொல்லமாட்டாங்களே, அப்ப நாந்தான் வரையாமயே வரைஞ்சேன்னு நெனச்சுக்கிட்டனோ என்னமோன்னு. பென்சில எடுத்தா அதுதான் நெனப்பு வரும். கண்ணுல பாக்கறது நெசமா, நானா நெனைச்சுக்கறதான்னு. அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா அடிச்சுப்போட்டாங்க.”

“நீ வரைஞ்சே கண்ணு. ஏழு பேரையும் வரைஞ்சே. நான் எத்தனை தடவை பாத்தேன் தெரியுமா? நான்தான் பொய் சொன்னேன். வேலைக்குப் பயந்துக்கிட்டு...”

“தெரியுமுங்க. இப்பத் தெரியும்.” காப்பியை நீட்டினாள். “ஆறிரும், குடிங்க.”

குடித்தாள். சர்க்கரை அளவாக இருந்தது. மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் இந்தப் பெண் மரியாதைக்காக ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்று சொல்லிவிடுவாள். அந்த வார்த்தையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவதற்காகவா பஸ் ஏறி வந்தேன் என்று தோன்றியது. கேட்கவில்லை. டம்ளரைத் தானே கழுவப் போனாள், துளசிமணி விடவில்லை.

“இந்த நோட்டு நல்லாருக்குதுங்க,” என்று அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “எனக்கு எதுக்குங்க? பக்கத்து ஊட்டுல ஒரு பாப்பா இருக்குது. அதுக்குக் குடுத்துக்கறேன்.”

ராசாத்தாள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று இருவருக்குமே இருந்தது. துளசிமணி மெயின்ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் சாக்கடையைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். கோயமுத்தூர் பஸ் வந்ததும் கைகாட்டி நிறுத்தி, “சிங்காநல்லூர்ல எறக்கி உட்டுருங்கண்ணா” என்று கண்டக்டரிடம் சொன்னாள். லட்சுமியம்மாள் ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது அவளுக்குத் தெரியாது.

“போயிட்டு வாரேன் கண்ணு” என்றாள் லட்சுமியம்மாள்.

“பாத்துப் போங்க” என்றாள் துளசிமணி. வாங்க என்று சொல்லவில்லை. பஸ் நகர்ந்ததும் திரும்பி, காயப்போட்ட துணிகளை நோக்கி வேகமாக நடந்துபோனாள்.